அடித்தகடு

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கும்போதுதான் எனக்குச் சித்தாந்தம் நினைவுக்கு வருகிறது. கோயிலில் வராதா என்றால், வரும். ஆனால் செருப்பை எங்கே விட்டோம் என்பதும் கூடவே வரும். சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போகிறோம். கராஜ் அப்படியில்லை. சிமென்ட் தரையில் அட்டையை விரித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மூக்குக்கு ஒரு முழம் மேலே வண்டியின் வயிற்றைப் பார்த்துக் கிடக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது.

வண்டி என்றால் கார் இல்லை. சைடு பை சைடு என்பார்கள். குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு, அதற்குள் ஒரு இஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, நாலு மூலையிலும் நீளமான சஸ்பென்ஷன். ஜீப்பும் இல்லை, டிராக்டரும் இல்லை. ரோடு இல்லாத இடத்துக்குப் போவதற்கென்றே செய்தது. யூட்டா மாநிலத்தில் ஊருக்கு ஊர், டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போவதைப் பார்க்கலாம். அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு தகடு உண்டு. ஸ்கிட் பிளேட் என்று பெயர். நான் அடித்தகடு என்று சொல்லிக்கொள்கிறேன். பாறையின் விளிம்பில் வண்டி வயிறு பட உட்கார்ந்துவிட்டால், இஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் பதிலாக அது உரசல்பட வேண்டும்.

புது வண்டியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். மண் பாதைக்கு அது தாங்கும். பாறைக்குப் போகிறவன் அதைக் கழற்றிவிட்டு வேறு போடுவான். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. இரும்பு, அலுமினியம், அப்புறம் யூ.எச்.எம்.டபிள்யூ. என்று ஒரு பிளாஸ்டிக். குடத்துக்கும் பைக்கும் ஆகிற அதே பாலிஎத்திலீன்தான்; இதில் சங்கிலி மிக மிக நீளம், மூலக்கூறு எடை 30 லட்சத்துக்கு மேல். என் வண்டியின் வயிறு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். 3/16 அங்குல இரும்பில் அடித்தால் 56 கிலோ வரும். அதே கனத்தில் அலுமினியம் 19 கிலோ. அந்தப் பிளாஸ்டிக்கை அரை அங்குலக் கனத்தில் போட்டாலும் 18 கிலோவைத் தாண்டாது. தண்ணீரில் விட்டால் மிதக்கும். இரும்பை விட்டுவிடுவோம். ஒரு ஆளை வயிற்றில் கட்டிக்கொண்டு மலையேற யாருக்கும் ஆசையில்லை.

நான் முதலில் போட்டது அலுமினியம். 2019 என்று நினைவு. உலோகம் என்றால் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான் காரணம். அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர், மில் ஸ்பேர் வேலை. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குப் பிளாஸ்டிக் என்றால் பக்கெட், மக்கு. கவசம் என்றால் தட்டினால் சத்தம் வர வேண்டும்.

மோவாப் எங்கள் வீட்டிலிருந்து நாலு மணி நேரம். சுற்றிலும் செம்பாறை. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவனத்து மணல்மேடுகளாக இருந்து இறுகியவை. காற்று அடித்த வரிகள் இன்னும் பாறையில் படிந்திருக்கின்றன. அந்தப் பாறைக்கு ‘ஸ்லிக்ராக்’, வழுக்குப்பாறை என்று பெயர். பெயரை நம்பக் கூடாது. ரப்பர் டயர் அதில் பல்லி போல ஒட்டிக்கொள்ளும், செங்குத்தில்கூட ஏறலாம். அந்தப் பெயரை வைத்தது குதிரையில் வந்தவர்கள். குதிரையின் இரும்பு லாடம் அதில் வழுக்கியது. பாறை அன்றும் இன்றும் ஒன்றுதான். எதைக் கொண்டு அதைத் தொடுகிறாய் என்பதைப் பொறுத்தது அதன் குணம். இந்த ஒரு விஷயத்தை அந்தப் பெயரிலிருந்தே நான் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை.

அங்கே ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ என்று ஒரு தடம். நரகத்தின் பழிவாங்கல். அதில் முழங்கால் உயரப் படி ஒன்றில் முன்சக்கரங்கள் ஏறிவிட்டன, பின்சக்கரங்கள் ஏறவில்லை, வயிறு விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். நகர வேண்டிய வண்டி நகரவில்லை. அலுமினியம் பாறையைக் கவ்விக்கொண்டு கீச்சிட்டது. கரும்பலகையில் நகத்தை இழுப்பது போல, அதைவிட நூறு மடங்கு. இறங்கிப் படுத்துப் பார்த்தேன். தகடு பாறை மேல் பட்ட இடத்தில் வெள்ளி மாதிரிப் புது உலோகம் தெரிந்தது. பாறையிலும் அதே வெள்ளிக் கோடு. போல்ட்டின் தலை ஒன்று விளிம்பில் மாட்டி, துளை கிழிந்து கண் போல விரிந்திருந்தது. பின்னால் வந்தவர் வின்ச் போட்டு இழுத்துவிட்டார்.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு வண்டி புரியாது, அலுமினியம் புரியும். “அலுமினியத்த மண்ணெண்ண விடாமக் கடஞ்சாலே டூல்ல பத்திக்கும் கண்ணு, கல்லுல பத்தாம என்ன பண்ணும்?” என்றார். இரும்பு டூலின் நுனியில் அலுமினியம் ஒட்டி ஒரு பொய் நுனி கட்டிக்கொள்ளும், வெட்டு கெடும், அதற்காகத்தான் அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் டப்பா இருக்கும். அந்த வாசனையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், குளித்துவிட்டுத் திருநீறு பூசித் தேவாரம் பாடுவார்.

பத்திக்கும். அந்த வார்த்தை என்னை விடவில்லை. தமிழில் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். நெருப்பு பற்றும். வெல்டிங்குக்குப் பற்றவைப்பு. கொல்லன் கையில் பற்றுக்குறடு. பாங்கில் நம் கணக்கிலிருந்து போகும் பணம் பற்று, வருவது வரவு. சோறு ஒட்டிய ஏனம் பற்றுப் பாத்திரம். நாம் அதைப் பத்துப் பாத்திரம் என்று எண்ணிக்கையாக்கிவிட்டோம். பிள்ளை மேல் வைப்பதும் பற்று, துறவி விடுவதும் பற்று. தேய்த்தால் போகாமல் ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் மனசுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள் பாத்திரம் கழுவியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவார். உயிரோடு ஆணவம் எப்படி இருக்கிறது என்பதற்கு அங்கே சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கில்லை, செம்பு என்று உண்டோ அன்றே உடன் இருப்பது. அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார், பளபளக்கும். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி மங்கும். முத்தியிலும் இந்த ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமை அடங்குகிறது, அவ்வளவுதான் என்பார் அப்பா. பையனாக இருந்தபோது இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பூசை செய்தும் அழியாதா?

அலுமினியத்தைப் பற்றி அவரிடம் ஒருமுறை வாதாடினேன். இரும்பின் துரு இரும்பைத் தின்னும். அலுமினியத்துக்கும் துரு உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல், காற்றுப் பட்ட நொடியில் கட்டிக்கொள்வது. அது அலுமினியத்தைத் தின்பதில்லை, காக்கிறது. பாறை அந்தத் தோலை உரித்துவிட்டால்தான் உள்ளிருக்கும் புது உலோகம் கண்டதையும் பற்றுகிறது. “அப்படின்னா களிம்பே கவசமா இருக்கற உலோகமும் இருக்குது பாருங்கப்பா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது அந்தக் காலத்துல இல்லாத உலோகம்” என்றார். வகுப்பில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டாரா என்று தெரியாது.

2020 ஜனவரியில் பிளாஸ்டிக்குக்கு மாறினேன். கறுப்பு, அரை அங்குலம். அதில் பெயின்ட் ஒட்டாது, பசை ஒட்டாது, மண்கூடக் குழாய்த் தண்ணீரில் போய்விடும். மோவாப்பில் அதே படி. வயிறு விளிம்பில் உட்கார்ந்தது, மிதித்தேன், சோப்புக் கட்டி போல வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சத்தமே இல்லை. எனக்கு அந்த நிமிஷம் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: தாமரை இலைத் தண்ணீர். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து நம் வாயில் ஊறிப்போன உவமை. உலகத்தைத் தொடலாம், ஒட்ட வேண்டியதில்லை. அகப்பட்டுவிட்டது பொருள், அரை அங்குலக் கனத்தில்.

அந்தப் பெருமை ஜூலை வரைக்கும்தான். வெளியே நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தால், வயிற்றுத் தகடு அப்பளம் போல நடுவில் புடைத்துத் தொங்குகிறது. தவறு என்னுடையது. இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்துக்கு உலோகத்தைவிடப் பல மடங்கு நீளும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமான தகடு, உறைபனி ஜனவரியில் மாட்டியது, ஜூலை வெயிலில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். நான் துளைகளை வட்டமாகப் போட்டு, பதினெட்டு போல்ட்டையும் இறுக்கி முடுக்கியிருந்தேன். போக இடமில்லாமல் அது கீழே தொங்கியது. துளையை நீளவாக்கில் அறுத்து, தலை வெளியே நீட்டாத குழி வாஷர் வைத்து, முக்கால் முறுக்கில் விட வேண்டும். எதையும் பற்றாத பொருளை நாம் பற்றிக்கொள்ளும்போது விளையும் வேடிக்கை இது. கூடவே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: சைலென்ஸர் பக்கம் அது போகக் கூடாது. 130 டிகிரியைத் தாண்டினால் உருகும், அதற்கு வெகு முன்பே சோர்ந்துபோகும்.

இப்போது அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். 2018-இல் அம்மாவுக்கு வலது முட்டி மாற்று அறுவை நடந்தது. டாக்டர் மேஜை மேல் ஒரு மாதிரி வைத்திருந்தார். மேலே தொடையெலும்பின் முனைக்கு வளைந்த பளபளப்பான உலோகத் தொப்பி. கீழே உலோகத் தட்டு. நடுவில் வெள்ளையாக, பால்கோவாத் துண்டு போல ஒரு பிளாஸ்டிக், ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கும். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். “இத்தன காசு குடுத்து பிளாஸ்டிக்கா வெக்கறாங்க?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் என்னமோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வருஷம் கழித்து, தகட்டோடு வந்த காகிதத்தைப் படிக்கும்போதுதான் உறைத்தது: அதுவும் இதுவும் ஒரே பொருள். என் வண்டியின் வயிற்றில் கறுப்பாக இருப்பது அம்மாவின் காலில் வெள்ளையாக இருக்கிறது.

அது எப்படி உடம்புக்குள் போனது என்பது நல்ல கதை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். உலகத்தில் அதைவிட வழுக்கும் திடப்பொருளைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். நம் தோசைக்கல் வரை வந்துவிட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் கிண்ணம் தேய்ந்தது, தேய்ந்த தூள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தது. ஏறத்தாழ எல்லோரையும் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அந்தத் தூள் என்ன செய்கிறது என்று அறிய மனிதர் அதைத் தன் தொடையிலேயே ஏற்றிக்கொண்டார். அவருடைய பட்டறையில் ஹாரி க்ரேவன் என்று ஒரு டெக்னீஷியன். லங்காஷயர் நெசவாலைகளில் தறிக்குப் பல்சக்கரம் விற்கிற ஆள் ஒருவர் மூலம் 1962-இல் அவர் கைக்கு இந்தப் பிளாஸ்டிக் வந்தது. சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் வெளியூர் போயிருந்த நேரம் க்ரேவன் தானாகவே எந்திரத்தில் மாட்டி இராப்பகலாக ஓட்டினார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது தேய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே குஷி. “தறிப் பிளாஸ்டிக்கா! நம்ம சோமனூர்த் தறீல நாடாவ அடிக்கற பிக்கரு அதுதானே. அதுக்கு முன்னாடி எருமத் தோலுல பண்ணுவாங்க” என்றார். அம்மாவிடம் போய், உன் காலுக்குள் விசைத்தறி ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார்.

நான் டெஃப்லானிடமே நின்றுவிட்டேன். வழுக்குவதில் அதற்கு இணை இல்லை. ஒன்றையும் பற்றாது. ஆனால் பாரம் ஏற்றினால் கரைந்து, தூளாகி, பக்கத்தில் இருப்பவர்களைப் புண்ணாக்குகிறது. இப்படிப்பட்ட துறவிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிலும் ஒட்டாதவர், வீட்டில் யார் செத்தாலும் யார் கடனில் மூழ்கினாலும் எல்லாம் அவன் செயல் என்று புன்னகைக்கிறவர். அவர் மேல் ஒரு பத்துக் கிலோ ஏற்றிப் பாருங்கள், சுற்றியிருப்பவர்கள்தான் வீங்கிப்போவார்கள். பற்றின்மை என்று நாம் கும்பிடுவதில் பாதி, உராய்வு குறைவாக இருப்பது மட்டும்தான். ஒரு ஆளின் எடையை, ஒவ்வொரு அடிக்கும், பதினைந்து இருபது வருஷம் தாங்கிக்கொண்டே வழுக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்திருப்பது அபூர்வம். சேர்ந்திருக்கும் பொருளும் தேயத்தான் செய்கிறது, மெதுவாக. ஸ்லிக்ராக்கின் மணல் குவார்ட்ஸ். இரும்பைவிடக் கடினம், அலுமினியத்தை விட எவ்வளவோ கடினம். பாறையை ஜெயிக்கும் தகடு என்று ஒன்று கிடையாது. எப்படித் தோற்பது என்பதில்தான் தேர்வு.

என்னோடு மோவாப் வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். தொழில் வெல்டர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மார்மன் சபைக்குப் போகிறவர், காபிகூடக் குடிக்கமாட்டார். அவர் கடைசிவரை அலுமினியக் கட்சி. அவர் தகட்டைக் கீழிருந்து பார்த்தால் அம்மை வடு முகம் போல இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரிடம் ஊர், தேதி, காரணம் உண்டு. இது என் அவசரம், இது இறங்கிப் பார்க்காமல் விட்டது, இது மகன் ஓட்டியபோது. “உன்னுடையது அடியை மறந்துவிடுகிறது” என்பார். பவுல் எபேசியர்களுக்கு எழுதிய கடிதத்தில் வரும் கவசப் பட்டியல் அவருக்கு மனப்பாடம். நம் தமிழ் பைபிளில் அதைச் சர்வாயுதவர்க்கம் என்று கம்பீரமாகப் போட்டிருக்கிறார்கள். மார்க்கவசம், கேடயம், தலைச்சீரா, பாதரட்சை எல்லாம் உண்டு. அடிவயிற்றுக்கு ஒன்றும் இல்லையே என்று நான் கேலி செய்தேன். ரோமானியச் சிப்பாய் பாறை மேல் உட்காரவில்லை என்றார்.

மறந்துவிடுகிறது என்று அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வளையும், திரும்பும், வடு இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

2021 மே மாதம் அப்பா போய்விட்டார். கொரோனாவின் இரண்டாவது அலை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியிருந்தது. என் விசாவில் போனால் எப்போது திரும்புவேன் என்று சொல்ல முடியாது. தகனத்தைப் போனில் பார்த்தேன், சித்தப்பா மகன் கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். பாதியில் சிக்னல் நின்றுபோனது. நான் அழவில்லை. அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன், பத்திரங்கள் எங்கே என்று கேட்டேன், பட்டறை வாடகையை யார் வாங்குவது என்று ஏற்பாடு செய்தேன். பையன் ரொம்பப் பக்குவம், அப்பாவின் சித்தாந்தம் இவனிடம்தான் இறங்கியிருக்கிறது என்று உறவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த மாதமே மோவாப் போனேன். தகடு வழுக்கியது.

அக்டோபரில் ஆயில் மாற்றத் தகட்டைக் கழற்றினேன். கீழ்ப்பக்கம் கீறல்களைத் தவிர ஒன்றுமில்லை, சமமாக இருந்தது. விளக்கை மேலே திருப்பினேன். தகட்டுக்கு மேலே ஓடும் சட்டக் குழாய் ஒன்று இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ளே நசுங்கியிருந்தது. இயல்புதான். இந்தப் பிளாஸ்டிக் அடியை விழுங்குவதில்லை, வளைந்து மேலே கொடுத்துவிட்டுத் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். அடி சட்டத்துக்குப் போயிருக்கிறது. எந்தப் பயணத்தில் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பராக இருந்தால் தேதி சொல்லியிருப்பார். அதைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. மனைவி வந்து கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டிய பிறகுதான் என் காதுக்குள்ளெல்லாம் ஈரம் ஓடியிருப்பது தெரிந்தது. மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும்.

அதற்குப் பிறகும் நான் அலுமினியத்துக்கு மாறவில்லை. நண்பர் நசுங்கிய குழாயை வெட்டியெடுத்து வேறு பற்றவைத்துக் கொடுத்தார், கூடவே குறுக்கே இரண்டு பட்டை. தகடு வழுக்கட்டும், ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் தாங்க ஆள் வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை பதினெட்டு போல்ட்டையும் கழற்றி மேல்பக்கம் பார்க்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. தகட்டுக்கும் இஞ்சினுக்கும் இடையே காய்ந்த புல்லும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சைலென்ஸர் சூட்டில் அது பற்றினால் வண்டியே போய்விடும். காக்கிற கவசமே விறகை உள்ளே அடுக்கி வைக்கும். கர்ணனுக்கு இந்த வசதி இல்லை. பிறவியோடு வந்த கவசம், போல்ட் கிடையாது, துளை கிடையாது. இந்திரன் வந்து கேட்டபோது அறுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தானம் என்று அதைக் கொண்டாடுகிறோம். எனக்கு இப்போதெல்லாம் வேறொன்று படுகிறது: அன்றுதான் முதன்முதலாக அவன் கவசத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பான்.

தீராத சங்கடம் ஒன்று பாக்கி. என் தகடு பாறையில் வழுக்கும்போது சும்மா வழுக்குவதில்லை. மயிரிழை போலக் கறுப்புச் சுருள் சீவிப் போகிறது. செம்பாறை மேல் அது நன்றாகத் தெரியும். அலுமினியம் விட்டுப்போகும் வெள்ளிக் கோடும் அசிங்கம்தான், ஆனால் பாறையோடு பாறையாக மங்கிப்போகும். இந்தச் சுருள் காற்றில் பறந்து பக்கத்து மண்ணில் விழும். மோவாப் மண்ணின் மேல் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது, உயிருள்ளது; நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் தோல். ஒரு காலடி பட்டால் ஆற வருஷக்கணக்கில், பல இடங்களில் தலைமுறைக் கணக்கில் ஆகும். அதை மிதிக்காதே என்று எங்கே பார்த்தாலும் போர்டு. நான் மிதிப்பதில்லை. என் பற்றின்மையின் தூளை மட்டும் அதன் மேல் தூவிவிட்டு வருகிறேன். அந்தப் பொருக்குதான் அந்தப் பாலைவனத்தின் பற்று என்று யோசித்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. அது பற்றியிருப்பதால்தான் மண் காற்றில் போகாமல் நிற்கிறது.

இப்போது படி இறங்கிய இடத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணில் படுகிற சுருள்களைப் பொறுக்கி ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டுக்கொள்கிறேன். நண்பர் சிரிப்பார். பாதிதான் கிடைக்கும்.

போன மாதம் தகட்டைக் கழற்றித் தரையில் கவிழ்த்து, காலிப்பரில் அளந்துகொண்டிருந்தேன். புதிதில் 12.7 மில்லிமீட்டர். முன்விளிம்பில் இப்போது 9.8. அம்மா வீடியோவில் வந்தார். 74 வயது, பேரூர்க் கோயில் பிரகாரத்தைத் துணை இல்லாமல் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். தகட்டைக் காட்டு என்றார், காட்டினேன்.

“இதுதானா எங் கால்ல இருக்கறது?”

“இதேதான்மா. கலர்தான் வேற.”

“தேஞ்சுருக்குதா?”

“மூணு மில்லி.”

“எனக்கும் கழட்டிப் பாத்தாத் தெரியும்” என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். தரையில், தகட்டைச் சுற்றி, நான் விளிம்பைச் சீவியதில் விழுந்த கறுப்புச் சுருள்கள் கிடந்தன.

“அதையெல்லாங் கூட்டி எடுத்துரு கண்ணு. கொழந்தைக நடக்கற எடம்.”

“எடுத்துடறம்மா” என்றேன். கராஜைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.